விழுங்காத அப்பம்

கோவில் வாசலில் இருக்கும் ஹபக் என்கிற வாசனைத் துளசித் தொட்டிக்கு ஞாயிறு மதியம் தண்ணீர் ஊற்றும்போது முதன்முதலில் அதைப் பார்த்தேன். செடியின் தூரில், ஒரு சிட்டிகை மண்ணுக்கு அடியில், ஊறிப்போன வெள்ளைத் துண்டு. ஓரத்தில் திராட்சை இரசத்தின் கறை. தண்ணீர் விழுந்த வேகத்தில் மண் விலகியதால்தான் தெரிந்தது.

அது என்னவென்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுட்டவளே நான்தான். வெள்ளிக்கிழமைதோறும் கோதுமை மாவை வெறும் தண்ணீரில் கரைத்து, நீளக் கைப்பிடி வைத்த இரும்பு அச்சை அடுப்பில் காயவைத்து, ஒரு கரண்டி விட்டு மூடுவேன். ஆவி சீறி அடங்கியதும் திறந்தால் காகிதம் போல ஒரு தகடு வரும். அதிலிருந்து வட்டமாக வெட்டி எடுப்பேன். உப்பு இல்லை, புளிப்பு இல்லை. அதுவரை அது என் கைமாவு. ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் என் கணவர் ஆண்டவரின் வார்த்தைகளைச் சொன்ன பிறகு அது மாவு இல்லை. எங்கள் சபையில் அதைக் கையில் கொடுப்பதும் இல்லை. இரசத்தில் நனைத்து நேரே நாக்கில் வைப்பார். ஆகவே கறையோடு மண்ணில் கிடந்த இந்தத் துண்டு ஒருவர் வாய்க்குள் போய் வந்தது. யாரோ, நன்மை என்று நாங்கள் சொல்லும் இந்த அப்பத்தை வாங்கி, விழுங்காமல் வெளியே எடுத்து, செடிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள்.

யார், எதற்காக என்றுதான் புரியவில்லை.

என் கணவர் ரஃபாயேல் இந்த மலையூரின் பங்குக் குரு; ஊருக்கு அவர் அபூனா, அதாவது எங்கள் தந்தை. எங்கள் மரோனைட் சபையில் கல்யாணம் ஆனவர் குருவாகலாம். குருவின் மனைவியை ஊரார் கூரியே என்பார்கள். எனக்கும் ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட என் அம்மாவுக்குப் பிறகு ஆள் இல்லை.

சாப்பிட உட்கார்ந்திருந்தவர் நான் சொன்னதும் எழுந்து வந்து, தொட்டியின் முன்னால் மண்டியிட்டார். துண்டைச் சுற்றி இருந்த மண்ணோடு எடுத்து ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டு, மேலே துணி மூடினார். அப்பத்தின் உருவம் இருக்கும்வரை ஆண்டவர் அதில் இருக்கிறார். உருவம் கரைந்தால் இல்லை. அதனால் தண்ணீரில் கரையவிட்டு, யார் காலும் படாத இடத்தில் ஊற்ற வேண்டும். கோவிலுக்குப் பின்னால் ஒலிவ மரத்தடி இருக்கிறது.

"பச்சப்புள்ள ஏதாச்சும் துப்பியிருக்கும்," என்றார்.

"பிள்ளை துப்பினா தரையில கிடக்கும். இது நட்டு வச்ச மாதிரி இருக்கு."

"நீ துப்பறியக் கிளம்பிட்ட."

"சும்மா யோசிக்கிறேன்."

"அதத்தான் சொல்றேன்."

அடுத்த ஞாயிறும் இருந்தது. அதற்கடுத்ததும்.

நான் யோசித்த விதத்தைச் சொல்கிறேன். அவமதிக்க நினைப்பவன் மிதிப்பான், அல்லது வீட்டுக்குக் கொண்டுபோவான். இது மிதிபடாத இடத்தில், உயிருள்ள ஒன்றின் வேரில் வைக்கப்பட்டிருந்தது. பீடத்துணி அலசிய தண்ணீரையும் நாங்கள் அப்படித்தான் ஊற்றுவோம். அந்த வழக்கம் தெரிந்தவர், பீடத்துக்குப் பின்னால் வேலை செய்து பழகியவர். ஆகவே இது கேலி இல்லை. பயம். அப்பத்தின் மேல் மரியாதையும், அதை விழுங்கப் பயமும் ஒரே ஆளிடம்.

ஒரு வாரம் பாதி அப்பங்களை வழக்கமான வட்டமாகவும், மீதியை எட்டு மூலை வைத்தும் வெட்டினேன். வட்டம் பெண்கள் வரிசைக்கு, மூலை ஆண்கள் வரிசைக்கு என்று இரண்டு கிண்ணம். ஊறினாலும் ஓரம் சீக்கிரம் கரையாது. அந்த ஞாயிறு மண்ணில் கிடைத்ததில் இரண்டு மூலை மிச்சம் இருந்தது. ஆண்.

அதற்கு மேல் போக முடியவில்லை. பூசை முடிந்து வெளியே வரும் எல்லோரும் அந்தச் செடியைத் தொடுவார்கள். இலையைத் தடவி உள்ளங்கையை முகர்ந்துவிட்டு வீட்டுக்குப் போவது எங்கள் ஊர்ப் பழக்கம். தொட்டிக்குள் போகும் கையை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

நன்மை வாங்கப் பயமாக இருந்தால் பெஞ்சில் உட்கார்ந்துவிடலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் கோவிலில் உட்கார முடியாது. கடைசி பெஞ்சில் வாசலை ஒட்டி உம் கத்தாஸ், அதாவது கத்தாஸின் அம்மா, இருக்கிறாள். உள்நாட்டுப் போரின்போது அவள் மகன் கத்தாஸ் கீழே ஊருக்குக் கிளம்பிப் போனான். பாலத்துச் சோதனைச்சாவடியில் அவனை இறக்கினார்கள் என்பது வரைக்கும் தெரியும். உடல் கிடைக்கவில்லை. அவள் தலை நரைத்தது அந்தப் பெஞ்சில்தான். ஞாயிறுதோறும் யார் எழுந்து போகிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பாள். அதை அவள் மறைத்ததும் இல்லை.

"அவன காட்டிக் குடுத்தவன் இந்த ஊர்க்காரன்தான்," என்பாள். "சாவான பாவத்தோட எவனும் நன்மை வாங்க முடியாது. ஒருநாள் உட்கார்ந்திருப்பான். அன்னைக்கு நான் பார்ப்பேன்."

சாவான பாவம் என்பது ஆன்மாவையே கொல்லும் பாவம். உட்கார்ந்தால் சந்தேகம் வரும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் எழுந்து போவார்கள். மறைமாவட்டத் தலைவரான மேற்றிராணியார் வந்தபோது இவ்வளவு பக்தியான ஊரைப் பார்த்ததில்லை என்று பாராட்டிவிட்டுப் போனார்.

கடைசியில் நான் செய்தது சின்ன வேலை. அடுத்த ஞாயிறு தொட்டியைத் தூக்கிப் பீடத்துக்குப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு, வாசலில் நானே நின்றுகொண்டேன்.

முதலில் நஸ்ரி வாத்தியார் வந்தார். கை பழக்கத்தில் கீழே போய் வெறும் காற்றைத் தடவியது. "கூரியே, செடி எங்க? ஆடு மேஞ்சிருச்சா?"

"பூச்சி விழுந்திருக்கு. உள்ள வச்சிருக்கேன்."

"உங்க வீட்டுக்காரர் பிரசங்கத்தக் கேட்டு வாடியிருக்கும்."

எல்லோரும் இப்படி ஒன்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு தன்னூஸ் வந்தார். ஊர் வாய்க்காலின் மதகுகளைத் திறந்து மூடுகிறவர், ஆப்பிள் தோட்டக்காரர், சாவு வீட்டில்கூட ஆளைச் சிரிக்கவைத்துவிடுவார். அவர் கையும் கீழே போனது. போன இடத்திலேயே நின்றது.

"காலை வணக்கம், தன்னூஸ் அண்ணே."

தலையை ஆட்டினார். உதடு பிரியவில்லை.

"வீட்ல அண்ணி சௌக்கியமா?"

மறுபடியும் தலையாட்டல். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஊரிலேயே வாய் ஓயாத மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு, செடி இருந்த இடத்தையே பார்த்தார். அதற்குமேல் கேட்பது கொடுமை.

"செடி உள்ள இருக்கு. வாங்க," என்றேன்.

அறைக் கதவைச் சாத்தி ஒரு தம்ளரில் தண்ணீர் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் வாயிலிருந்ததை எடுத்துத் தம்ளரில் விடும் சத்தம் கேட்டது. பிறகு தம்ளர் மேல் துணி மூடும் சத்தம்.

"துப்பினேன்னு நினைக்காதீங்க கூரியே," என்றார். "மிதிபடுற இடத்துல ஒருநாளும் போட்டதில்ல. பூசைக்கு உதவி பண்ண காலத்துல இந்த அறையிலதான் வளர்ந்தேன். எது எங்க போகணும்னு எனக்குத் தெரியும்."

"ஏன் விழுங்கல?"

"சாவான பாவத்தோட விழுங்கினா மருந்தா இருக்காது, விஷமாயிடும். அப்படித்தானே சொல்லிக் குடுத்தாங்க."

"அதனால வாயில வாங்கிட்டு விழுங்காம விட்டா சரியாப்போச்சா?"

"விழுங்கலையே."

இந்தத் தப்பை இவர் மாதிரி ஒருவர்தான் செய்ய முடியும். விசுவாசம் இல்லாதவன் விழுங்கிவிட்டுப் போயிருப்பான். சட்டம் தெரியாதவனுக்கு இந்த யோசனையே வந்திருக்காது. அவர் பாதிச் சட்டத்தை மிக நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்.

"பாவம் தொண்டையில இல்லண்ணே," என்றேன். "வரிசையில நின்னு, 'ஆமென்'னு சொல்லி வாயத் திறந்தீங்களே, அங்க இருக்கு. 'நான் உன்னோட ஒண்ணா இருக்கேன்'னு கடவுள் முகத்துக்கு நேரா சொல்ற பொய் அது. வாங்கினதுக்கு அப்புறம் விழுங்கினா என்ன, மண்ணுல வச்சா என்ன. பழைய பாவம் அப்படியே இருக்கு, ஞாயித்துக்கு ஞாயிறு புதுசு ஒண்ணு ஏறுது."

ஜன்னல் வழியாகக் கோவிலுக்குள் பார்த்தார். கடைசி பெஞ்சில் உம் கத்தாஸ் இன்னும் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"வேண்டாம், என்கிட்ட சொல்லாதீங்க," என்றேன் வேகமாக. "அபூனாகிட்ட பாவசங்கீர்த்தனத்துல, பாவத்த அறிக்கையிடுறப்ப, சொன்னா உயிரே போனாலும் அவர் வாயத் திறக்க முடியாது. நான் குரு இல்ல. என் காதுக்குப் பூட்டு கிடையாது."

ஆனால் திறந்த மதகு அது. நின்றபடியே சொல்லிவிட்டார். கத்தாஸுக்கும் அவருக்கும் வாய்க்கால் தண்ணீரில் தகராறு. கோடையில் இவர் முறை நாளில் கத்தாஸ் மேல் மதகைத் திருப்பிவிடுவான். அந்த வருஷம் ஆப்பிள் பிஞ்சு எல்லாம் உதிர்ந்தது. பாலத்தில் துப்பாக்கியோடு நின்றவர்களிடம் போய், கத்தாஸ் எதிர்ப்பக்கத்துக்குச் சேதி கொண்டுபோகிறான் என்று சொன்னார். பொய். இறக்கினார்கள். சுட்டார்கள். நரி இழுத்துவிடக் கூடாதென்று இவரே போய்ப் புதைத்தார்.

"போர் நேரம் கூரியே. எல்லாரும் எல்லாம் செஞ்சாங்க."

"அப்ப ஏன் விழுங்கல?"

மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "கோபத்துல செய்யல," என்றார். "முதல்நாள் முடிவு பண்ணேன். படுத்துத் தூங்கினேன். எழுந்து முகம் கழுவி, காப்பி குடிச்சிட்டுப் போனேன். சொன்னா சுடுவாங்கன்னு தெரியும்."

சாவான பாவம் ஆவதற்கு மூன்று வேண்டும் என்று சபை சொல்கிறது: காரியம் கனமானதாக இருக்க வேண்டும், கனமானது என்று தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தே மனம் ஒப்ப வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது அந்தப் பெயருக்கு வராது. பலர் செய்ததில் ஒன்றாவது குறையும். கடவுள் அதைப் பார்ப்பார். தன்னூஸ் காப்பி குடித்ததைச் சொன்னபோது, எனக்கு விளக்க வேலையே வைக்காமல் மூன்றையும் அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்.

"வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனத்துக்குப் போறீங்களே?"

"போறேன். ஆணையிட்டது, பொய் சொன்னது, பொண்டாட்டிய அதட்டினது, எல்லாம் சொல்றேன். இதச் சொல்லல."

"மேல் மதகு அடைச்சிருக்கும்போது கீழ எத்தனை மதகத் திறந்து என்னண்ணே? வேணும்னே ஒண்ண மறைச்சா சொன்ன மத்ததுக்கும் மன்னிப்பு கிடையாது. அத்தனை வருஷத்துப் பாவசங்கீர்த்தனமும் செல்லாது."

வாய்க்கால்காரருக்கு அது உடனே புரிந்தது. முகம் சாம்பலானது. "இன்னைக்கு நான் செத்தா?"

"சபை சொல்றது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். நீங்க சொல்லுங்க."

"கடவுள் தள்ளிவிட மாட்டார். நீங்க எங்க நிக்கிறீங்களோ அங்கயே நின்னுடுவீங்க. அவர் இல்லாத இடத்துல. எப்பவும்."

தலையாட்டினார், யாரோ மருத்துவர் சொன்னதைக் கேட்டுக்கொள்வது போல. "அபூனாகிட்ட போனா, 'அவளுக்குச் சொல்லு'ம்பார். சொன்னா அவ கொழுந்தன் மகன் ஷல்லீத்தா துப்பாக்கி எடுப்பான். என்னைச் சுடட்டும். என் மகனைத்தான் சுடுவான். எனக்கு வலிக்கணும்ல."

"காட்டிக் குடுத்தது யாருங்கிறத என்ன செய்யணும்னு அபூனா சொல்வார். அவன் எங்க கிடக்கான்ங்கிறது அவளுக்குச் சேர வேண்டிய பொருள். உங்ககிட்ட இருக்கு. உயிரத் திருப்பிக் குடுக்க முடியாது. எலும்பக் குடுக்க முடியும்."

மூடிய தம்ளரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

நான் தொட்டியை மறுபடியும் வாசலில் வைத்தேன். அடுத்த ஞாயிறு மண்ணில் ஒன்றுமில்லை. தன்னூஸே வரவில்லை, காய்ச்சல் என்றாள் மனைவி. மறு ஞாயிறும் காய்ச்சல்.

"நல்ல காய்ச்சல்தான்," என்றாள் உம் கத்தாஸ் என் பக்கம் திரும்பாமல். "வாரம் பூரா மரத்து மேல ஏறி ஆப்பிள் பறிக்குது. ஞாயித்துக்கிழமை படுத்துக்குது."

இன்னும் ஒரு ஞாயிறு போனால் அவர் ஏன் வரவில்லை என்று அவளே கணக்குப் போட்டுவிடுவாள்.

அந்த வாரத்தின் நடுவில், பிற்பகலில், பீடத்துணி மடித்துக்கொண்டிருந்தபோது தன்னூஸ் கோவிலுக்குள் வந்தார். என்னைப் பார்க்காமல் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குப் போய் மண்டியிட்டார். நான் வெளியேறி ஒலிவ மரத்தடியில் உட்கார்ந்தேன். நிழல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனது. அபூனா வெளியே வந்தார். நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் என் முகத்தைப் பார்த்து வானிலை பற்றிப் பேசியிருப்பார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அந்தச் சுவர் எப்போதும் உண்டு.

பிறகு அவர்கள் இருவரும் கோவில் முற்றத்தில் நின்று பேசினார்கள். அது வேறு பேச்சு. இதையும் விளக்கிவிடுகிறேன். கூண்டுக்குள் கேட்டதைக் குரு எதற்கும் பயன்படுத்த முடியாது, நல்லதுக்கும் முடியாது. சொன்னவரே வெளியே வந்து, "இந்த இடத்தை மட்டும் இன்னாருக்குச் சொல்லுங்கள், என் பெயர் வேண்டாம்" என்று தானாகக் கேட்டுக்கொண்டால்தான் அந்த அளவுக்குச் சொல்லலாம். அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று மறுநாள் எனக்குத் தோன்றியது. அபூனா என்னை உம் கத்தாஸ் வீட்டுக்குக் கூட வரச் சொன்னார்.

அவள் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். அபூனா குடிக்காமல் வைத்தார்.

"கத்தாஸ் இருக்கிற இடம் தெரிஞ்சது," என்றார். "பழைய சுண்ணாம்புக் காளவாய்க்குக் கீழ, தட்டைப் பாறைக்குக் கிழக்கால."

அவள் அழவில்லை. கையிலிருந்த கிண்ணத்தைத் தட்டில் சரியாக நடுவில் வைத்தாள். "யாரு?"

"அது எனக்குக் குடுக்கப்படல."

"உயிரோட இருக்கானா?"

அபூனா தரையைப் பார்த்தார்.

"நம்ம கோவிலுக்கு வர்றானா?"

"உம் கத்தாஸ்."

"சரி. உன்னக் கேட்டா உனக்குப் பாவம். கேட்கல."

ஷல்லீத்தாவும் இன்னும் சிலரும் தோண்டினார்கள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். ஆழம் அதிகமில்லை. இடுப்புவார்க் கொக்கி, மாதாவின் சின்னப் பதக்கம், பிறகு அவன். கிழக்கே முகம் வைத்துக் கிடத்தப்பட்டிருந்தான். இரண்டு கை எலும்பும் மார்பில் குறுக்காகக் கிடந்தன.

"கையக் குறுக்கா வச்சிருக்கான்," என்றாள் உம் கத்தாஸ். "எதிரி இப்படி வைக்க மாட்டான். நம்மாளு."

ஷல்லீத்தா மண்வெட்டியைக் குத்தி நிறுத்தினான். "ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம் பெரியம்மா. எவன் பெஞ்சிலேர்ந்து எழுந்திரிக்கலையோ அவன்தான்."

அதைச் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான்.

தன்னூஸைப் பற்றி எனக்கு இப்போது கவலை இல்லை. அவர் மனம் வருந்தி, முழுக்கச் சொல்லி, கொடுக்க முடிந்ததைக் கொடுத்து, மன்னிப்புப் பெற்றிருந்தால் அவர் வரிசையில் நிற்கலாம். நிற்பதற்கு அவருக்கு இருந்த ஒரே நேர்மையான வழி, அத்தனை வருஷம் அவர் ஓடி ஒளிந்த வழிதான். மன்னிப்பு நித்திய தண்டனையை எடுக்கும். செய்ததன் பாரத்தை எடுக்காது. பாவப் பரிகாரமாக அபூனா கொடுத்த அபராதம் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: அந்த வாரம் அவர் யாரையும் சிரிக்கவைக்கவில்லை.

சனிக்கிழமை நஸ்ரி வாத்தியார் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"கூரியே, எனக்கு ஒரு சங்கடம். நாளைக்கு நான் நன்மை வாங்கக் கூடாத நிலைமையில இருக்கேன். இரத்தப் பழி இல்ல, வேற. என் சொந்தச் சமாசாரம். அதை விடுறதுக்கு எனக்கு இன்னும் மனசு வரல, அதனால பாவசங்கீர்த்தனமும் பண்ண முடியல. நான் உட்கார்ந்தா..."

"ஷல்லீத்தா."

"இத்தன வருஷம் உட்கார்ந்தா உம் கத்தாஸ் பார்ப்பாளேன்னு போனேன். முழுங்கினேன். நாளைக்கும் முழுங்கத்தான் வேணும். எனக்கு மட்டும்னு நினைக்காதீங்க."

அவர் போன பிறகு நான் அடுப்பு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அச்சு, கரண்டி, மாவு எல்லாம் அப்படியே கிடந்தன. தன்னூஸ் ஒருவர்தான் விழுங்கவில்லை. அதனால் அவரைக் கண்டுபிடித்தேன். விழுங்கியவர்களை எந்தத் தொட்டி காட்டும்? பாவம் செய்தவனைப் பிடிக்க ஒரு தாய் வைத்த கண்கள் ஊரையே ஞாயிறுதோறும் பாவத்துக்குள் தள்ளியிருந்தன. நான் சுட்ட அப்பம் ஒவ்வொன்றும் அதற்குப் போயிருந்தது.

அபூனாவிடம் சொன்னேன். "வரிசையே பாவசங்கீர்த்தனக் கூண்டாயிடுச்சு," என்றார். "கதவில்லாத கூண்டு." அவரால் சட்டம் போட முடியாது, உட்கார்ந்திருப்பவனைப் பார்க்காதே என்று யார் கண்ணுக்கும் கட்டளை இட முடியாது.

நான் உம் கத்தாஸ் வீட்டுக்குப் போனேன். மகனின் பெட்டி கூடத்தில் இருந்தது. மறுநாள் பூசையில் அடக்கம். யார் பெயரும் சொல்லாமல், தொட்டியில் கண்டதையும், வரிசையில் நடப்பதையும், ஒரு இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் பார்த்ததாலயா?"

"நீங்க பார்த்ததால அவங்க பயந்தாங்க. பாவம் அவங்களோடதுதான். ஆனா அதுக்குப் பாதை போட்டது அந்தப் பயம்."

பிறகு கேட்டாள். "கூரியே, ஒண்ணு சொல்லு. அவனத் தோண்டி எடுத்த நாள்லேர்ந்து, கொன்னவன மனசுக்குள்ள வெட்டிக்கிட்டே இருக்கேன். அவன் பிள்ளைகளையும். தானா வர்ற நினைப்பு இல்ல, நானா வரவழைக்கிறேன். இனிக்குது. இது என்ன பாவம்?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். "கனமானது," என்றேன். "தெரிஞ்சு, விரும்பிச் செய்றீங்க."

"அப்ப நாளைக்கு என் மகன் அடக்கப் பூசையில என்னாலயும் நன்மை வாங்க முடியாது."

"வெறுப்ப விட்டா முடியும்."

"விட முடியல. விட்டுட்டேன்னு யார்கிட்டயும் சொல்லிடாத." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் உட்கார்ந்தா, என் மகன நானே கொன்னேன்னு ஷல்லீத்தா சொல்வானா?"

அது சிரிப்பில்லை. ஆனால் அவள் உதட்டோரம் ஒரு கணம் இழுபட்டது. பிறகு பெட்டியின் மூடி மேல் இரண்டு கையையும் வைத்து, மகனின் எலும்பு கிடந்த மாதிரிக் குறுக்காகப் போட்டுப் பார்த்தாள்.

"உன் புருஷனக் கூப்பிடு," என்றாள்.

மறுநாள் கோவில் நிரம்பியிருந்தது. ஷல்லீத்தா தூணில் சாய்ந்து பெஞ்சுகளைப் பார்த்தபடி நின்றான். நன்மை கொடுக்கும் நேரம் வந்ததும் அபூனா சொன்னார்: "இன்னையிலேர்ந்து எல்லாரும் வரிசையில வாங்க. வாங்குறவங்க வாங்குங்க. வாங்க முடியாதவங்க கைய மார்பில குறுக்கா வச்சுக்கிட்டு வாங்க. தலையில கை வச்சு ஆசீர்வாதம் பண்ணுவேன்."

யாரும் அசையவில்லை. முதலில் கையைக் குறுக்கே வைப்பவனைத் தூணில் நிற்பவன் பார்ப்பான் என்று எல்லோருக்கும் தெரியும்.

கடைசி பெஞ்சிலிருந்து உம் கத்தாஸ் எழுந்தாள். நடுவழியில் நடந்து, மகனின் பெட்டியைத் தாண்டி, அபூனாவின் முன்னால் போய் நின்றாள். இரண்டு கையும் மார்பில் குறுக்கே இருந்தன. ஊர் பார்க்கட்டும் என்று ஒருமுறை திரும்பி நின்று காட்டிவிட்டு, மறுபடி திரும்பித் தலை குனிந்தாள். அபூனா அவள் நரைத்த தலையில் கை வைத்தார். அவள் கடைசி பெஞ்சுக்குத் திரும்பவில்லை. முதல் பெஞ்சில், பீடத்தைப் பார்த்து, எல்லோருக்கும் முதுகு காட்டி உட்கார்ந்து, "ஷல்லீத்தா, இங்க வந்து உட்காரு," என்றாள். அவன் வந்து உட்கார்ந்தான்.

பிறகு எல்லோரும் எழுந்தார்கள். நஸ்ரி வாத்தியார் போனார். தன்னூஸ் போனார். பூசை முடிந்து வாசலில் அவர் இலையைத் தொடாமல் நின்றார்.

"காலை வணக்கம், தன்னூஸ் அண்ணே."

"காலை வணக்கம், கூரியே," என்றார். வாய் காலியாக இருந்தது. முகத்தில் மகிழ்ச்சி என்று எதுவும் இல்லை. பெட்டியின் பின்னால் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்து போனார்.

குளிர் வந்து ஹபக் செடி பட்டுப்போகும்வரை தினமும் மண்ணைக் கிளறிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. உம் கத்தாஸ் இன்றும் கையைக் குறுக்கே வைத்துத்தான் வருகிறாள். கொலையுண்டவனின் தாயே அப்படி வருவதால் குறுக்கே வைத்த கை எந்தக் குற்றத்தையும் காட்டாது. எங்கள் கோவிலில் இப்போது யாரும் உட்கார்ந்திருப்பதில்லை, யாரும் பொய்யாக வாய் திறக்க வேண்டியதும் இல்லை. எல்லோரும் பீடத்தைப் பார்த்தே நடக்கிறோம். போகிறவரின் கை எங்கே இருக்கிறது என்பது பின்னாலிருந்து பார்த்தால் தெரியாது. அபூனாவுக்கு மட்டும் தெரியும்.